பாயிண்ட் கொடுத்து நடக்க வைப்பதும் இதுவும் ஒன்றா?

பிடோக்வாசி:
உடற்பயிற்சி வகுப்புக்குப் பதிவு செய்யும் ஆப் ஒன்றை வடிவமைக்கிறேன். என் பாஸுக்கு (முதலாளிக்கு) சலுகை முடியப்போவதாக டைமர் ஓட வேண்டுமாம், மாதச் சந்தாவுக்கு முன்கூட்டியே டிக் போட்டு வைக்க வேண்டுமாம், ரத்து செய்யும் பட்டன் மூன்று திரை தள்ளி இருக்க வேண்டுமாம். கேட்டால், "சிங்கப்பூர் அரசின் நடைத் திட்டமான நேஷனல் ஸ்டெப்ஸ் சேலஞ்சும் பாயிண்ட் காட்டித்தானே ஊரையே நடக்க வைத்தது" என்கிறார். என்ன பதில் சொல்வது?

கோப்பிஓ:
அவர் சொல்வது பாதி சரி. 2015-இல் தொடங்கிய அந்தத் திட்டமும் ஆசை காட்டித்தான் நடக்க வைத்தது. விருப்பம், எளிமை, தூண்டல் மூன்றும் ஒரே நேரத்தில் கூடினால்தான் ஆள் அசைவான் என்று நடத்தை ஆய்வாளர் பி. ஜே. ஃபாக் 2009-இல் சொன்னதும் இதைத்தான். அடிகளை எண்ணும் பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு நடந்தால் எண்ணிக்கை தானாக ஏறும். ஆனால் அங்கே ஒளிவுமறைவு கிடையாது, நடந்தால் பாயிண்ட், பாயிண்ட் சேர்ந்தால் வவுச்சர், பிடிக்காவிட்டால் வீட்டில் உட்கார்ந்துகொள்ளலாம், ஒரு காசும் போகாது. அதே 2009-இல் ஃபின்லாந்து ஆய்வாளர்கள் ஒய்னாஸ்-குக்கோனென், ஹர்யுமா இருவரும் நினைவூட்டல், பாராட்டு, சக பயனரோடு ஒப்பீடு என்று, பயனரை ஒரு பழக்கத்துக்கு இழுக்க மென்பொருளில் வைக்கும் 28 உத்திகளை வரிசைப்படுத்தினார்கள். இப்படிப்பட்ட அமைப்பு தன் நோக்கத்தை மறைக்கக் கூடாது என்பதும் அந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது. உங்கள் பாஸ் உத்தியை மட்டும் எடுத்துக்கொண்டார் போல.

ஈசூன்_அக்கா:
எனக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் தெரியாது தம்பி. ஒரு தளத்தில் "சலுகை முடிய 10 நிமிடம்" என்று ஓடியது, பக்கத்தை மூடித் திறந்தால் மறுபடி 10:00! வேண்டாம் என்பதற்கான பட்டன் சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில், "இல்லை, எனக்கு ஆரோக்கியத்தில் அக்கறை இல்லை". அம்மா படித்துவிட்டு, "யாருடி இவன், வீட்டுக்குள்ளேயே வந்து திட்டுறான்" என்றார். அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

கோப்பிஓ:
அக்கா சொன்ன டைமர் வெறும் அசிங்கம் மட்டுமல்ல. பயனீட்டாளரைத் தவறாக நம்ப வைப்பது இங்கே சிங்கப்பூரில் பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டத்தில் மாட்டக்கூடிய விஷயம், பாஸிடம் அதைச் சொல்லுங்கள். வகுப்பில் உண்மையிலேயே 4 இடம்தான் பாக்கி என்றால் "4 இடம் உள்ளது" என்று தாராளமாகப் போடுங்கள், அதுவே ஆளை இழுக்கும்.

பிடோக்வாசி:
சட்டம் என்றதும் டைமரை விட்டுவிட்டார். ரத்து பட்டன் முதல் திரைக்கு வந்துவிட்டது. சந்தா டிக்கில்தான் இன்னும் பிடிவாதம், திங்கட்கிழமை மறுபடி பேச வேண்டும்.