குதிரைக்குப் பிடரியும் வாலும் தேய்த்துப் புண்ணாகிவிட்டது, மாட்டு உண்ணி மருந்து அடிக்கலாமா?

தென்கரைவாசி:

சோழவந்தான் பக்கம், வாய்க்கால் ஓரத் தென்னந்தோப்பில் ஒரு பெண் குதிரை வைத்திருக்கிறோம். கத்தியவார் கலப்பு, ஆறு வயசு, போன வருஷம் ஆடியில் அந்தியூர் சந்தையில் மாமா வாங்கி வந்தது. வந்த வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை. இந்த வருஷம் வாய்க்காலில் தண்ணீர் விட்டு நடவு தொடங்கியதிலிருந்து ஒரே தேய்ப்பு. பின்பக்கத்தைத் தென்னை மரத்தில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து, அந்த உயரத்தில் மரமே வழவழவென்று ஆகிவிட்டது. வால் தொடங்குகிற இடத்தில் மயிர் அறுந்து பழைய விளக்குமாறு மாதிரி குத்திட்டு நிற்கிறது. பிடரியில் கொத்துக் கொத்தாக மயிர் போய், தோல் மடிப்பு மடிப்பாகத் தடித்து, மேலே பொருக்கு. வயிற்றுக்கு அடியில் நடுக்கோட்டில் சின்னச் சின்னக் கொப்புளம். காய்ச்சல் இல்லை, தீனி நன்றாகத்தான் எடுக்கிறது.

அதே தோப்பில் பக்கத்து வீட்டு மட்டக்குதிரை நிற்கிறது, அதற்கு ஒன்றுமே இல்லை. ஊரில் எல்லாரும் "உடம்புச் சூடு, கொள்ளுத் தீனியைக் குறை" என்கிறார்கள். மருந்துக்கடையில் மாட்டுக்கு அடிக்கிற உண்ணி மருந்தைக் கொடுத்துத் தண்ணீரில் கலந்து ஊற்றச் சொன்னார்கள், அமிட்ராஸ் என்று போட்டிருக்கிறது. இன்னும் பிரிக்கவில்லை. ஊற்றலாமா? கொட்டகையைச் சுற்றிக் கொசுவலை கட்டியும் குறையவில்லை, அதுதான் எங்களுக்குப் புரியவில்லை.

கொட்டகை டாக்டர்:

முதலில் அந்தப் பாட்டிலைக் குதிரை பக்கமே கொண்டுபோகாதீர்கள். அமிட்ராஸை மாடு தாங்கும், குதிரை தாங்காது. அது குதிரையின் குடல் அசைவை மந்தமாக்கி, பெருங்குடலில் லத்தி இறுகி அடைத்து வயிற்றுவலியில் கொண்டுபோய் விட்டுவிடும், உயிருக்கே ஆபத்து. மாட்டு மருந்துதானே, குதிரையும் அதே மாதிரி மிருகம்தானே என்று ஊற்றிவிட்டுப் பிறகு கால்நடை அவசர உதவி எண் 1962-க்குப் போன் போடுகிறவர்கள் உண்டு, அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் சூடும் இல்லை, கொள்ளும் காரணம் இல்லை. குலிகாய்டிஸ் என்கிற பொடிப் பூச்சியின் கடிக்கு வருகிற ஒவ்வாமை மாதிரி இருக்கிறது. ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும், பெண் பூச்சி மட்டும் கடிக்கும். கொசுவலைக் கண்ணுக்குள் அது சாதாரணமாக நுழைந்து வரும், உங்கள் வலை பலிக்காததற்கு அதுதான் காரணம். சேறு, வயல் ஓரத்து ஈரமண், மட்கிய இலை, நனைந்த சாணி, இதெல்லாம் அது முட்டையிடுகிற இடம். நடவுக்குப் பிறகு தொடங்கியது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஆடு வைத்திருப்பவர்கள் மழை முடிந்ததும் நீலநாக்கு நோய் என்று அலறுவார்களே, அதைப் பரப்புவதும் இதே இனம்தான். 1960-இல் ஆப்பிரிக்கக் குதிரை நோய் இந்தியாவுக்குள் வந்தபோது அதைச் சுமந்ததும் இந்த வகைப் பூச்சிதான்.

பக்கத்து மட்டக்குதிரைக்கு ஏன் வரவில்லை? அதையும் கடிக்கத்தான் செய்கிறது. பூச்சியின் எச்சிலில் உள்ள புரதத்தை ஒரு குதிரையின் உடம்பு கண்டுகொள்ளாது, இன்னொன்றின் உடம்பு சண்டைக்குப் போகும். கொஞ்சம் பரம்பரையாகவும் வரும். இந்த அரிப்பைத் தருகிற பூச்சி வகைகள் இல்லாத ஐஸ்லாந்தில் பிறந்து வளர்ந்த குதிரைகளை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனால், அங்கேயே பிறந்த அதே இனத்துக் குதிரைகளைவிட இவற்றுக்குத்தான் இந்த அரிப்பு அதிகம் வருகிறது, அதுவும் வந்து இறங்கிய உடனே இல்லாமல் ஒன்றிரண்டு பருவம் கடி வாங்கிய பிறகு. உங்கள் குதிரை வேறு ஊரிலிருந்து வந்து முதல் வருஷம் சும்மா இருந்து இரண்டாம் வருஷம் ஆரம்பித்திருப்பது அதோடு ஒத்துப்போகிறது.

ஆனால் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன். வால் மட்டும் தேய்த்தால் ஆசனவாய்ப் புழுவாகவும் இருக்கலாம், டேப் ஒட்டி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் தெரிந்துவிடும். பேன், சொறி, படை எல்லாமே மயிரைக் கொட்ட வைக்கும். காய்ச்சல் விட்டு விட்டு வந்து, உடம்பு மெலிந்து, வயிற்றுக்கடியிலும் காலிலும் வீக்கம் கண்டால் கடி அலர்ஜி என்று உட்கார்ந்திருக்க வேண்டாம், பெரிய ஈக்கள் பரப்புகிற சர்ரா என்கிற இரத்த ஒட்டுண்ணி நோய் இருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனை உடனே செய்ய வேண்டும்.

மேலூர் ரேக்ளா:

டாக்டர் நோயைச் சொல்லிவிட்டார், நான் கொட்டகையைச் சொல்கிறேன். தம்பி, உன் குதிரை சாயங்காலம் எங்கே நிற்கிறது? வாய்க்கால் ஓரம் மேய்ச்சலில் நின்றால் எந்த மருந்தும் வேலை செய்யாது. இந்தப் பூச்சிக்கு வேலை நேரமே பொழுது சாய்கிற நேரமும் விடிகிற நேரமும்தான். வெயில் இறங்குவதற்கு முன்னாலேயே உள்ளே கட்டு, காலையில் வெயில் நன்றாக ஏறின பிறகு அவிழ்த்து விடு. முடிந்தால் கொட்டகையை வாய்க்காலை விட்டுத் தள்ளி, காற்று அடிக்கிற மேட்டுக்கு மாற்று. தென்னந்தோப்பு நிழல் குதிரைக்குச் சுகம்தான், பூச்சிக்கு அதைவிடச் சுகம்.

அடுத்தது மின்விசிறி. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள், குதிரைக்கு ஃபேனா என்று. இந்தப் பொடிப் பூச்சிக்குப் பறக்கவே தெம்பு கிடையாது, காற்று கொஞ்சம் வேகமாக வந்தால் உட்கார முடியாது. பெரிய ஃபேன் ஒன்றைக் குதிரையின் முதுகுக்கும் வயிற்றுக்கும் காற்று படுகிற மாதிரி வைத்துப் பார். ஒயர் மட்டும் வாய்க்கு எட்டாத உயரத்தில், குழாய்க்குள் போகட்டும், எலியும் கடிக்கும் குதிரையும் கடிக்கும்.

லத்தியை தினமும் அள்ளு. கொட்டகை வாசலில் குவித்து வைக்காதே, தள்ளிக் கொண்டுபோய் மெல்லிசாகப் பரப்பிக் காயவிடு, இல்லையென்றால் குழியில் போட்டு மூடு. மூத்திரத்தில் ஊறின வைக்கோல்தான் காலைக் கடிக்கிற ஈக்கு வீடு. அது பார்க்க வீட்டு ஈ மாதிரியே இருக்கும், ஆனால் முன்னால் ஊசி நீட்டிக்கொண்டிருக்கும், குதிரை சும்மா சும்மா காலைத் தட்டினால் அதுதான். தொட்டித் தண்ணீர் வழிந்து சேறாகிற இடத்தில் இரண்டு கூடை கிராவல் போடு.

வைகைக்கரை முருகேசன்:

இதற்கெல்லாம் ஃபேன் எதற்கு? எங்க தாத்தா காலத்தில் நொச்சியும் வேப்பிலையும் போட்டு மூட்டம் போடுவார்கள், மேலே வேப்பெண்ணெய் பூசுவார்கள், ஒரு பூச்சி அண்டாது.

மேலூர் ரேக்ளா:

அண்ணே, மூட்டம் போட்டால் பூச்சி போகும், மறுக்கவில்லை. ஆனால் மூடின கொட்டகைக்குள் தினமும் புகை போட்டால் குதிரைக்கு இருமல் பிடித்துக்கொள்ளும், அதன் நுரையீரல் தூசியும் புகையும் தாங்காது. பந்தயக் குதிரை மூச்சு வாங்கினால் வண்டியை அப்படியே ஓரங்கட்டிவிட வேண்டியதுதான். வெளியே, காற்று வருகிற பக்கம், தூரமாகப் போட்டால் சரி.

கொட்டகை டாக்டர்:

வேப்பெண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. அப்படியே வழித்துப் பூசினால் ஏற்கெனவே வெந்திருக்கிற தோல் இன்னும் எரியும். தேங்காயெண்ணெயில் கொஞ்சமாகக் கலந்து, முதலில் கழுத்தில் ஒரு ரூபாய் நாணய அளவு பூசி மறுநாள் பாருங்கள். தடிக்கவில்லை என்றால் மெல்லிசாகத் தடவலாம், பூச்சி உட்காருவது கொஞ்சம் குறையும். புண் மேல் வேண்டாம். பெர்மெத்ரின் என்கிற பூச்சிக்கொல்லி சேர்ந்த, குதிரைக்கு என்றே வருகிற மருந்து கிடைத்தால் அது இதைவிட நன்றாக வேலை செய்யும், ஆனால் வீட்டில் பூனை இருந்தால் அந்தப் பக்கமே வரக்கூடாது, பூனைக்கு அது விஷம்.

பொருக்கைப் பிய்க்காமல் குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள். சீழ் இருந்தால் குளோர்ஹெக்சிடின் என்கிற கிருமிநாசினி கலந்த ஷாம்பு போட்டுப் பத்து நிமிஷம் ஊறவிட்டு அலசினால் போதும். அலர்ஜிக்குப் போடுகிற அவில் ஊசி குதிரைக்கு அவ்வளவாகக் கேட்பதில்லை. ஸ்டீராய்டு ஊசி போட்டால் அரிப்பு சட்டென்று நிற்கும், அதைப் பார்த்துவிட்டு "அதே ஊசியைப் போடுங்க டாக்டர்" என்று வாரா வாரம் கேட்பார்கள். குளம்புக்குள் வீக்கம் கண்டு குதிரை நடக்க முடியாமல் போகிற அபாயம் அதில் இருக்கிறது. எப்போது, எவ்வளவு என்று குதிரையை நேரில் பார்க்கிற மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

புண்ணில் ஈ உட்கார விடாதீர்கள். ஈ சுமந்து வருகிற புழுக்குஞ்சு புண்ணுக்குள் இறங்கினால் அது ஆறவே ஆறாது, உள்ளே மஞ்சளாக நொய்யரிசி மாதிரி துகள் தெரியும். அப்படிக் கண்டால் ஐவர்மெக்டின் என்கிற புழு மருந்து தேவைப்படும். அதையும் எடை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

தென்கரைவாசி:

ரொம்ப நன்றி டாக்டர், நன்றி அண்ணே. பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். குதிரையை வீட்டுப் பக்கத்து மேட்டுக்கு மாற்றுகிறோம், தோப்பு மோட்டார் கரண்டில் ராத்திரி ஃபேன் ஓட்ட முடியாது, வீட்டிலிருந்துதான் இழுக்க வேண்டும். வெளிநாட்டில் குதிரைக்குப் போர்வை போடுகிறார்கள் என்று பார்த்தேன். மதுரை வெயிலில் அதைப் போட்டால் குதிரை வெந்துவிடாதா?

சிந்தாமணிப் புரவி:

நான் போடுகிறேன், வேகவில்லை. கனமான துணியில் தைக்கக் கூடாது, அவ்வளவுதான். காற்று போகிற, ஆனால் கண் ரொம்பச் சின்னதாக இருக்கிற வலைத்துணி விளக்குத்தூண் பக்கம் துணிக்கடைகளில் கிடைக்கும், கையில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்து வாங்குங்கள். வெள்ளை எடுங்கள், கறுப்பு வேண்டாம், பெரிய கடி ஈக்களைக் கறுப்பு இழுக்கும். புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய தையல்காரர் ஒருவரிடம் கொடுத்தேன். சித்திரைத் திருவிழாவுக்கு வேஷ்டியும் தலைப்பாகையும் தைக்கிற மனுஷன், குதிரைக்கு என்றதும் முதலில் நம்பவில்லை, பிறகு அவரே இஞ்சு டேப்போடு வந்து கழுத்து, நெஞ்சு, வயிறு என்று அளவெடுத்தார். குதிரை டேப்பைத் தின்னப் பார்த்தது.

அளவு சொல்லும்போது கழுத்து முழுக்க, வயிற்றுக்கு அடியில் சுற்றி வருகிற பட்டை, வால் அடிக்கு ஒரு மடல், மூன்றையும் கேளுங்கள், முதுகு மட்டும் மூடினால் பிரயோசனமில்லை, இந்தப் பூச்சி கடிக்கிற இடம் அந்த மூன்றும்தான். சாயங்காலம் போட்டுக் காலையில் கழற்றுங்கள், தினமும் உதறி, உரசுகிற இடத்தில் மயிர் போகிறதா என்று பாருங்கள். நடுப்பகலில் வேண்டாம்.

இன்னொன்று, வரிக்குதிரை மாதிரி கோடு போட்டால் ஈ வராது என்று வீடியோ பார்த்திருப்பீர்கள். 2019-இல் இங்கிலாந்தில் குதிரைகளுக்குக் கறுப்பு, வெள்ளை, கோடு போட்ட போர்வைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள், கோடு போட்டதில் பெரிய ஈக்கள் வந்து உட்கார்வது உண்மையிலேயே குறைந்தது. மூடாத தலையில் மட்டும் வித்தியாசமே இல்லை. அது பெரிய ஈக்கான சோதனை. உங்கள் பிரச்சனை பொடிப் பூச்சி, அதற்கு வலைக்கண்ணின் அளவுதான் முக்கியம். அதனால் கோட்டுக்குத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள். துணியை மட்டும் ஒரு மீட்டர் கூடவே வாங்கிக்கொள்ளுங்கள், முதல் வாரத்திலேயே எங்காவது மாட்டிக் கிழிக்கும், ஒட்டுப் போட ஆகும்.