2^67 − 1 இரட்டைப்படையா? நிரல் அப்படித்தான் சொல்லுது, அவசர உதவி தேவை

தேன்மொழி_22: 2^67 − 1 பகா எண்ணா என்று பார்க்க நிரல் எழுதினேன். சின்ன எண்களுக்குச் சரியாக ஓடுது. இதற்கு மட்டும் உடனே "2-ஆல் வகுபடும்" என்கிறது. 2-இன் அடுக்கில் 1 கழித்தால் ஒற்றைப்படைதானே? நாளை காலை ஒப்படைக்கணும்.

வகுஎண்: எந்த மொழி? நிரலைப் போடுங்க.

கோபி_நிரல்: 2-ஐ ஏன் சோதிக்கிறீங்க? லூப்பை 3-இல் ஆரம்பிங்க, சரியாகிடும்.

மூத்தவர்: மொழியைச் சொல்லாமல் கேள்வி, நிரலைப் பார்க்காமல் பதில். கணினி எண்ணை எப்படிச் சேமிக்கிறது என்பது அடிப்படைப் பாடம். படித்துவிட்டு வாருங்கள்.

தேன்மொழி_22: ஜாவாஸ்கிரிப்ட். பிரவுசர் கன்சோல்.

வகுஎண்: அதான். அதில் சாதாரண எண் 9007199254740991 வரைதான் (2^53 − 1) நம்பகமானது. உங்க எண் 147573952589676412927. அது உள்ளே போனதும் கடைசி இலக்கம் 7-இலிருந்து 8 ஆகிடும், அதாவது வெறும் 2^67. கோபி சொன்னபடி 3-இல் தொடங்கி ஒற்றை எண்களை மட்டும் பார்த்தால் இன்னும் மோசம்: 2^67-ஐ எந்த ஒற்றை எண்ணும் வகுக்காது, கடைசிவரை ஓடி "பகா எண்" என்று சொல்லும். பிக்இன்ட் (பெரிய முழு எண்களையும் துல்லியமாக வைக்கும் எண் வகை) பயன்படுத்துங்க.

கோபி_நிரல்: பகா எண்தானே அது? 2^n − 1 பகா எண்ணாகும் n எவையென்று கணித அறிஞர் மெர்சென் 1644-இல் போட்ட பட்டியலில் 67 இருக்கு.

மூத்தவர்: அந்தப் பட்டியலில் 67-உம் 257-உம் தவறு. 61, 89, 107 விடுபட்டவை. 1876-இலேயே கணித அறிஞர் லூக்கா, 2^67 − 1 பகு எண் என்று நிறுவிவிட்டார்.

கோபி_நிரல்: ஒரு காரணிகூடக் காட்டாமல் நிறுவினாராம். 1903-இல் கணித அறிஞர் கோல் இரண்டு காரணிகளையும் காட்டியபிறகுதான் அது முடிந்த விஷயம்.

மூத்தவர்: காரணி தெரியாமலே பகு எண் என்று நிறுவலாம். அது முழு நிரூபணம்தான். கோல் செய்தது வேறு வேலை.

வகுஎண்: தேன்மொழி, இந்தச் சண்டையை விடுங்க. 67 பகா எண் என்பதால் 2^67 − 1-ஐ வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 134×க + 1 வடிவில்தான் (க ஒரு முழு எண்) இருக்கும். க = 1-இலிருந்து ஓட்டினால் போதும்.

தேன்மொழி_22: வந்தாச்சு! க = 1445580, காரணி 193707721. மற்றது 761838257287. நன்றி. இந்த இரண்டும் பகா எண்தானா என்று தனியாகச் சோதிக்கணுமா?

வகுஎண்: வேண்டாம். 1-இலிருந்து வரிசையாக வந்து முதலில் கிடைத்தது 193707721. அதைவிடச் சின்ன பகாக் காரணி எதுவும் கிடையாது, அதனால் அது பகா எண். 761838257287 உடைந்தால் ஒரு துண்டாவது அதன் வர்க்கமூலத்துக்குள், 8,72,833-க்குள், இருக்கணும். அந்தத் துண்டு 2^67 − 1-ஐயும் வகுக்கும், அதனால் முன்னாடியே சிக்கியிருக்கும்; அந்த எல்லையை எப்பவோ தாண்டிட்டீங்க.