லாரி சத்தத்துக்கு நடுவுல தூங்க எந்த இசை போடலாம்? (காசிமேடு, முதல் மாடி)

காசிமேடு_முதல்மாடி:
வீடு எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுக்கு அடுத்த தெருவுல. ராத்திரி 10 மணிக்கு மேல துறைமுகத்துக்குப் போற கன்டெய்னர் லாரிங்க வரிசை கட்டி நிக்கும். இன்ஜின் உறுமல், ஏர் பிரேக் விடுற 'புஸ்', நடுநடுவுல ஏர் ஹாரன். ஜன்னலை மூடினா வேக்காடு, திறந்தா சத்தம். ஏசி கிடையாது, சீலிங் ஃபேன் மட்டும்தான். இப்போதைக்கு போன்ல யூடியூப் போட்டு பழைய சினிமா மெலடி ஜூக்பாக்ஸ் ஓடுது. கண்ணு அசர்ற நேரத்துல விளம்பரம் கத்துது, இல்லன்னா அடுத்த பாட்டு டமால்னு ஆரம்பிக்குது. எந்த மாதிரி இசையைத் தேர்ந்தெடுக்கணும்? போன் ஸ்பீக்கரா, ப்ளூடூத் ஸ்பீக்கரா, இயர்பட்ஸா? எவ்வளவு நேரம் ஓட விடணும்? அதே ரூம்ல 8 மாசக் குழந்தையும் தூங்குது, அதையும் மனசுல வெச்சுச் சொல்லுங்க.

ஒலிப்பெட்டி:
உங்களுக்கு இருக்கிறது ரெண்டு தனித்தனிப் பிரச்சினை. வெளிச்சத்தத்தை மறைக்கிறது ஒண்ணு, மனசை அடக்கித் தூக்கத்துக்குக் கொண்டு போறது இன்னொண்ணு. ஒரே பாட்டால ரெண்டையும் செய்ய வைக்கப் பார்த்தா வால்யூமை ஏத்திக்கிட்டே போவீங்க.

மறைக்கிற வேலையை முதல்ல பார்ப்போம். நின்னுக்கிட்டு உறுமுற டீசல் இன்ஜின் சத்தம் பெரும்பாலும் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழதான் இருக்கும். அதை மறைக்க அதே கனமான அலைவரிசைல இன்னொரு சத்தம் வேணும். எல்லா அலைவரிசையும் ஒரே அளவுல கலந்த ஒயிட் நாய்ஸ் இதுக்குச் சரிப்படாது, அதுல 'ஸ்ஸ்'ங்கிற மேல்சத்தம்தான் காதுல தூக்கலா விழும். ஒவ்வொரு ஸ்தாயி ஏறும்போதும், அதாவது அலைவரிசை ரெட்டிப்பாகும்போதெல்லாம், 3 டெசிபல் குறையறது பிங்க் நாய்ஸ், 6 டெசிபல் குறையறது பிரவுன் நாய்ஸ். லாரிக்கு ஏத்தது பிரவுன்.

ஆனா போன் ஸ்பீக்கர்ல சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழ எதுவும் உருப்படியா வராது. பிரவுன் நாய்ஸ் போட்டாலும் அடிச்சத்தம் செத்துப் போய் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். பலர் "போட்டுப் பார்த்தேன், பிரயோஜனம் இல்லை"ன்னு சொல்றதுக்குக் காரணம் இதுதான். உள்ளங்கையில அடங்குற குட்டி ஸ்பீக்கரும் இதுக்குப் பத்தாது. ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் அளவுக்காவது ப்ளூடூத் ஸ்பீக்கர் வேணும்.

அதை வைக்கிற இடம் ரொம்ப முக்கியம். தலைமாட்டுல வைக்காதீங்க, ஜன்னல் பக்கம் வைங்க. சத்தம் ஒரு திசைல இருந்தும் மறைக்கிற ஒலி வேற திசைல இருந்தும் வந்தா காது ரெண்டையும் சுலபமா பிரிச்சுக் கேட்டுடும். ஒரே திசைல இருந்து வந்தாத்தான் ஒண்ணு இன்னொண்ணை மூடும்.

ஏர் ஹாரனை எதுவும் மறைக்காது. பின்னணியில சீரான சத்தம் இருந்தா, ஹாரன் திடீர்னு எகிறும்போது உங்களைத் தூக்கிப்போடுறது கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். குடியிருப்புப் பகுதிக்கு ராத்திரி 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்புன்னு 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதி சொல்லுது. எக்ஸ்பிரஸ் ரோட்டு ஓரத்துல அது ஏட்டுலதான் இருக்கு, அதனாலதான் இவ்வளவும் எழுத வேண்டியிருக்கு.

வீணைத்தந்தி:
இசையைப் பத்தி நான் சொல்றேன். எழுப்பி விடுறது வேகத்தை விட மாற்றம்தான். சினிமா மெலடி எவ்வளவு மெதுவா இருந்தாலும் அதுல முன்னிசை, பல்லவி, இடையிசை, சரணம்னு நாலஞ்சு நிமிஷத்துக்குள்ள பல தடவை வாத்தியம் மாறும். இடையிசைல வயலின் கூட்டமா எழும், சரணத்துக்குள்ள தபேலா நுழையும். ஜூக்பாக்ஸ்னா ஒவ்வொரு பாட்டும் வேற வேற ஒலியளவுல பதிவாகி இருக்கும்.

முழுக் கர்நாடகக் கச்சேரியும் வேண்டாம். முதல்ல வர்ற வர்ணத்துலயே விறுவிறுப்பு ஆரம்பிச்சிடும். மெயின் பாட்டுல கல்பனா ஸ்வரம் (ஸ்வரங்களைக் கற்பனையா அடுக்கிப் பாடுறது), அப்புறம் தனி ஆவர்த்தனம் (மிருதங்கம் மாதிரி தாள வாத்தியம் மட்டும் வாசிக்கிறது), கடைசில கைதட்டல். தூங்கினவரை உட்கார வைக்க இது போதும்.

எடுக்க வேண்டியது ஆலாபனை மட்டும். மிருதங்கம் கிடையாது, தாளம் கிடையாது, ஒரு ராகம் 15, 20 நிமிஷம் விரியும். நீலாம்பரி தாலாட்டு ராகம்னு எல்லாருக்கும் தெரியும். நவரோஜ், குறிஞ்சி, ஆனந்தபைரவி, யதுகுல காம்போதி இதெல்லாமும் நல்லா ஒத்து வரும். கதனகுதூகலம், அடாணா வேண்டாம், ரெண்டும் துள்ளி எழ வைக்கிற ராகங்கள். வாத்தியத்துல என் முதல் தேர்வு வீணை. தியாகராஜரோட சீடர் வீணை குப்பய்யர் ஊர் திருவொற்றியூர், அதனால வடசென்னைக்கு வீணை அந்நியம் இல்லை. மீட்டு ஓசை உறுத்துதுன்னா வயலின் போடுங்க. புல்லாங்குழல் உச்ச ஸ்தாயிக்குப் போனா காதைத் துளைக்கும், கீழ் ஸ்தாயில வாசிச்ச பதிவா பாருங்க. நாதஸ்வரம் திறந்தவெளிக்காக உண்டான வாத்தியம், படுக்கையறைக்கு அது வேண்டாம்.

தாளத்தோட வேணும்னா வேகத்தை எண்ணிப் பாருங்க. 15 விநாடில 15 முதல் 20 தட்டு வரலாம். அதாவது நிமிஷத்துக்கு 60 முதல் 80. அதுக்கு மேல போனா பகல்ல கேட்க வெச்சுக்கங்க.

இன்னும் எளிமையா வேணும்னா வெறும் தம்புரா. சுருதி எவ்வளவு உயரம்னு சொல்ற அளவுதான் கட்டை. பெண் குரலுக்கான 5 கட்டை சுருதியை விட ஆண் குரலுக்கான 1 கட்டை, ஒன்றரை கட்டை கனமா இருக்கும், பின்னணிச் சத்தத்தோட கலந்துடும். ஆனா ஒரு நிமிஷ எம்பி3 கோப்பை லூப்ல போடாதீங்க. எம்பி3-ல முன்னாலயும் பின்னாலயும் துளி மௌனம் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு நிமிஷமும் ஒரு 'டக்' கேட்கும், ஒரு தடவை கவனிச்சிட்டா அதுக்காகவே காது காத்திருக்கும். ஒரு மணி நேரக் கோப்பா எடுத்துக்கங்க.

பெரம்பூர்_கீபோர்டு:
வரிகள்தானே மனசைக் கிளறுது? பழகின சினிமாப் பாட்டையே வீணையிலயோ கீபோர்டுலயோ வாசிச்ச இன்ஸ்ட்ருமென்டல் எக்கச்சக்கமா இருக்கு. அது போதுமே.

வீணைத்தந்தி:
@பெரம்பூர்_கீபோர்டு கேட்க நியாயமாத்தான் இருக்கு சார், ஆனா நடக்கிறது நேர் எதிர். பழகின பாட்டுல குரலை எடுத்துட்டா மூளை விட்டுப்போன வரியைத் தானா நிரப்பும். 2021-ல அமெரிக்காவுல பேய்லர் பல்கலைக்கழகத்துல இதை ஆய்வுக்கூடத்துலயே தூங்க வெச்சுப் பார்த்தாங்க. படுக்கிறதுக்கு முன்னாடி பிரபலமான பாட்டுகளைக் கேட்க வெச்சதுல, வரியோட கேட்டவங்களை விட வரி இல்லாம கேட்டவங்களுக்குத்தான் பாட்டு மண்டைக்குள்ள அதிகமா சுத்துச்சு. ராத்திரி நடுவுல முழிச்சப்பவும் சுத்துச்சு. அதனால இன்ஸ்ட்ருமென்டல் போடுங்க, ஆனா மெட்டு முன்பின் தெரியாததா இருக்கட்டும். முணுமுணுக்க வந்தா அந்தப் பதிவை நீக்கிடுங்க.

காசிமேடு_முதல்மாடி:
ரெண்டு பேருக்கும் நன்றி. நேரம், இயர்பட்ஸ், குழந்தை மூணும் பாக்கி இருக்கு.

செவிலி_திருவொற்றியூர்:
இயர்பட்ஸ் வேண்டாம்மா. நம்ம பக்கத்து உப்புக்காத்துப் புழுக்கத்துல காதை அடைச்சு ராத்திரி முழுக்க வெச்சா, உள்ள வேர்வை தங்கி காதுக்குழாயில பூஞ்சை வரலாம். அழுக்கும் உள்ள தள்ளிப் போகும். ஒருக்களிச்சுப் படுத்தா காது மடல் வலிக்கும். அதோட, குழந்தை அழுறது காதுல விழாம போயிடக் கூடாது.

குழந்தை தூங்குற இடத்துல சத்தம் 50 டெசிபலைத் தாண்டக் கூடாது. ஸ்பீக்கர் அதோட தலையிலிருந்து குறைஞ்சது 200 செ.மீ தள்ளி இருக்கணும். தூளி கட்டியிருந்தா அந்தக் கயித்துலயோ துணிக்குள்ளயோ போனைச் செருகிப் பாட்டு போடுற பழக்கம் அறவே வேண்டாம், காதுக்கும் போனுக்கும் நடுவுல ஒரு சாண்கூட இருக்காது. தலையணைக்கு அடியில சார்ஜ் போட்ட போனும் கூடாது, சூடு வெளியேற வழியில்லாம போயிடும்.

நேரம் 45 நிமிஷம் போதும். 2008-ல ஹங்கேரியில தூக்கப் பிரச்சினை உள்ள 94 மாணவர்களை வெச்சு ஒரு ஆய்வு நடந்துச்சு. படுக்கும்போது 45 நிமிஷம் அமைதியான கிளாசிக்கல் இசை கேட்டவங்களுக்கு 3 வாரத்துல தூக்கத்தோட தரம் கூடுச்சு, கதை ஒலிப்பதிவு கேட்டவங்களுக்குக் கூடலை. பலன் வாரத்துக்கு வாரம்தான் ஏறும், அதனால தினம் ஒரு புதுப் பட்டியல் தேடாம முணுமுணுக்க வராத வரைக்கும் அதே பதிவை 3 வாரம் விடாம போடுங்க. வாரத்துக்கு 3 ராத்திரிக்குக் குறையாம தூக்கம் இல்லாம 3 மாசம் ஓடிச்சுன்னா பாட்டை நம்பாம டாக்டரைப் பாருங்க.

ஒலிப்பெட்டி:
மேடம் சொன்னதோட சேர்த்து அமைப்பைச் சொல்லிடறேன்.

யூடியூபை விட்டுடுங்க. பதிவுகளைப் போன்லயே இறக்கி வெச்சு விஎல்சி மாதிரி ஒரு பிளேயர்ல போடுங்க, அதுல ஸ்லீப் டைமர் இருக்கு. ஐபோன்னா கடிகார ஆப்ல டைமர் முடியும்போது பாட்டை நிறுத்துற வசதி இருக்கு. ஸ்பாட்டிஃபைதான் வேணும்னா ஆட்டோபிளேவை அணைச்சிட்டு, ஒலியளவைச் சமப்படுத்துற வசதியைப் போட்டு விடுங்க.

ஒரு போன்ல இசை, வீட்ல சும்மா கிடக்கிற பழைய போன்ல பிரவுன் நாய்ஸ். பழைய போனை ஜன்னல் பக்க ஸ்பீக்கரோட இணைச்சு, குறைஞ்ச ஒலியில விடியும் வரைக்கும் விடுங்க. இசை 45 நிமிஷத்துல நின்னாலும் திடீர் மௌனம் வராது. இசைக்கு மட்டும் போன் ஸ்பீக்கர் போதும், 2 மீட்டர் தள்ளி அலமாரி மேல வைங்க. மெட்டு தெரியணும், நுணுக்கம் தெரியக் கூடாது, அந்த அளவுல வால்யூமை நிறுத்துங்க.

ப்ளூடூத் ஸ்பீக்கர் தானா அணையும்போதும் பேட்டரி குறையும்போதும் பல மாடல்ல 'பீப்' அடிக்கும், சிலது ஆங்கிலத்துல பேசவே செய்யும். சார்ஜர்ல போட்டே ஓட விடுங்க. வாங்கும்போது கடையிலயே அணைச்சுக் காட்டச் சொல்லிக் கேளுங்க, இதை யாரும் சோதிக்கிறதில்லை.

வால்யூம் வைக்கிறது ஃபேன் ஓடும்போதுதான். மே மாசம் கரண்ட் போய் ஃபேன் நின்னா, பேட்டரில ஓடுற ஸ்பீக்கர் அதே அளவுலயே ரொம்ப உரக்கக் கேட்கும். இன்வெர்ட்டர் இல்லன்னா, ஃபேனை ஒரு தடவை அணைச்சுப் பார்த்துட்டு அப்பவும் உறுத்தாத அளவா வைங்க.

ரூம் 10-க்கு 10 அடின்னா குழந்தையை ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் ஓரம் படுக்க வைங்க, நீங்க நடுவுல. ஜன்னல்லருந்து அந்தச் சுவருக்குச் சுமார் 3 மீட்டர் வரும். குழந்தை படுக்கிற இடத்துல போன்ல டெசிபல் மீட்டர் ஆப் வெச்சுப் பாருங்க. ஆப் துல்லியமா இருக்காது, அதனால 45-க்கு மேல காட்டினாலே ஒரு புள்ளி குறைச்சிடுங்க.