கீமோ நடுவில் காய்ச்சல், ஃபைலில் ‘பெனிசிலின் அலர்ஜி’: அடுத்த முறை என்ன செய்வது?

சாளரம்:
அம்மாவுக்கு 61 வயது, மார்பகப் புற்றுநோய். இரண்டாவது கீமோ முடிந்த ஒன்பதாம் நாள் ராத்திரி பதினோரு மணிக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது, தெர்மாமீட்டரில் 101.6. இப்படி வந்தால் காத்திருக்கக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்ததால் அப்படியே அவசர சிகிச்சைக்கு ஓடினோம். ரத்தம் எடுத்தார்கள், கிருமியை எதிர்க்கும் வெள்ளணுவான நியூட்ரோஃபில் 300தான் இருந்தது. ஊசி போடப் போகிற நேரத்தில் ஃபைலைத் திறந்தால் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் ‘பெனிசிலின் அலர்ஜி’. அதோடு எல்லாம் நின்றுபோனது. ட்யூட்டி டாக்டர் ஒருவருக்கு போன் போட, அவர் இன்னொருவரைக் கேட்கச் சொல்ல, நடுவில் என்னிடம் வந்து என்ன மாதிரி அலர்ஜி என்கிறார்கள். எனக்கு என்ன தெரியும்? அம்மாவைக் கேட்டால் பல் கிடுகிடுக்க “சின்ன வயசுல ஏதோ” என்கிறார்.

கடைசியில் அஸ்ட்ரியோனாமும் வான்கோமைசினும் ஏற்றும்போது மணி இரண்டு. வான்கோமைசின் ஏறும்போதே முகம், கழுத்து, நெஞ்செல்லாம் சிவந்து ஒரே அரிப்பு. இப்போது ஃபைலில் ‘வான்கோமைசின் அலர்ஜி’யும் சேர்ந்துவிட்டது. நான்காம் நாள் காய்ச்சல் விட்டது, நல்லபடியாக வீட்டுக்கு வந்துவிட்டோம். ஆனால் அடுத்த கீமோ பக்கத்தில் இருக்கிறது. மறுபடி காய்ச்சல் வந்தால் போட ஏதாவது மருந்து மிச்சம் இருக்குமா?

இரவுப்பணி:
புற்றுநோய் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். நீங்கள் ஓடியது சரி. வெள்ளணு குறைந்தவர்களுக்கு ஒரே தடவை 101 தாண்டினாலும், 100.4 ஒரு மணி நேரம் நின்றாலும் அது அவசரம்தான். வந்து சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாடிக் உள்ளே போக வேண்டும் என்பதுதான் கணக்கு. உங்களுக்கு மூன்று மணி நேரம் ஆனது அந்த இரண்டு வார்த்தையால்.

அப்புறம் அந்த வான்கோமைசின். எவ்வளவு நேரத்தில் ஏற்றினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். வேகமாக ஏற்றினால் அப்படித்தான் சிவந்து அரிக்கும். பெரும்பாலும் அது உண்மையான அலர்ஜி இல்லை, நிறுத்திவிட்டு, அரிப்புக்கு ஊசி போட்டு, மெதுவாக ஏற்றினால் தாங்கிக்கொள்வார்கள். மூச்சுத் திணறலோ பிபி இறக்கமோ இல்லை என்றால் அந்த வரியை இப்போதே டாக்டரிடம் சொல்லித் திருத்த வையுங்கள், விட்டால் ஒட்டிக்கொண்டுவிடும்.

பழையசோறு77:
இவ்வளவு அலர்ஜி இருக்கிறவர்களுக்கு முதலில் ஒரு பாராசிட்டமால் கொடுத்து, காலை வரை பார்த்துவிட்டுப் போகலாமே? ராத்திரி அலைச்சலாவது மிச்சம்.

இரவுப்பணி:
தயவுசெய்து வேண்டாம். மாத்திரை போட்டால் தெர்மாமீட்டர் இறங்கும், கிருமி இறங்காது. இப்படிக் காலை வரை பார்த்து, பிபி விழுந்து வந்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். முதலில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள், வாயிலோ அக்குளிலோ மட்டும். ஆசனவாயில் வைக்கக் கூடாது.

ஆறாம்வார்டு:
தொற்றுநோய்ப் பிரிவு டாக்டர். அம்மாவை நான் பார்க்கவில்லை, அதனால் பொதுவாகத்தான் சொல்ல முடியும்.

இந்த மாதிரிக் காய்ச்சலுக்கு முதலில் கை போவது செஃபிபிம், பைப்பராசிலின்-டாசோபாக்டம், மெரோபெனம் போன்றவற்றுக்கு. மூன்றும் பெனிசிலின் உறவுக்காரர்கள், அதனால்தான் எல்லோரும் தயங்குகிறார்கள். ஆனால் உறவு ஒரே அளவு நெருக்கம் இல்லை. பைப்பராசிலின் பெனிசிலினேதான். செஃபிபிம் தூரத்துச் சொந்தம், பெனிசிலின் அலர்ஜி உள்ளவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்குக்கூட அதில் பிரச்சினை வருவதில்லை. மெரோபெனத்தில் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே. அஸ்ட்ரியோனாம் பெனிசிலினோடு சேராது, செஃபிபிம் வகையைச் சேர்ந்த செஃப்டாசிடிம் ஒத்துக்கொள்ளாதவருக்கு அதைத் தவிர்ப்போம். ஆனால் அஸ்ட்ரியோனாம் கிராம்-பாசிட்டிவ் என்கிற ஒரு பெரிய வகைக் கிருமிகளைத் தொடவே தொடாது, அதனால்தான் உங்களுக்கு வான்கோமைசினையும் சேர்த்தார்கள். ஆக மருந்து நிறையவே மிச்சம் இருக்கிறது.

நான் கேட்பது ஒன்றுதான்: என்ன நடந்தது? ஊசி போட்ட ஒரு மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் என்றால் ஒரு கதை. சில நாள் கழித்துச் சாதாரணத் தடிப்பு என்றால் வேறு கதை. வெறும் வயிற்றுப்போக்கு என்றால் அலர்ஜியே இல்லை. தோல் உரிந்து, வாயும் கண்ணும் புண்ணாகியிருந்தால், அதாவது ஸ்டீவன்ஸ்-ஜான்சன் மாதிரி, அந்த மருந்தை மறுபடி சோதனைக்குக்கூடத் தொடக் கூடாது. எந்த வருடம் என்பதும் முக்கியம். உடனடி அலர்ஜியாக இருந்தாலும் பத்து வருடத்தில் பெரும்பாலானவர்களுக்கு அது மறைந்துவிடுகிறது.

மீண்டவன்:
எனக்கு ரத்தப் புற்றுநோய், இப்போது தேவலை. எனக்கும் அதே சிவப்பு மைதான். கீமோ இடைவெளியில், வெள்ளணு எண்ணிக்கை ஏறியிருந்த ஒரு வாரத்தில் அலர்ஜி டாக்டரிடம் அனுப்பினார்கள். முன்கையில் குட்டிக் குட்டியாக ஊசிக் குத்து, பேனாவால் ஒவ்வொன்றையும் சுற்றி வட்டம். ஒரு வட்டம் மட்டும் வீங்கியது, அது வேண்டுமென்றே வீங்க வைக்கும் ஹிஸ்டமைனாம், நான் அதைப் பார்த்துப் பயந்ததுதான் மிச்சம். அப்புறம் பெனிசிலின் வகையான அமாக்சிசிலினை வாயில் கொடுத்து உட்கார வைத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த காய்ச்சலுக்கு நேராக பைப்பராசிலின்.

சாளரம்:
எல்லோருக்கும் நன்றி. பெரியம்மாவுக்குப் போன் போட்டேன், அவருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது! அம்மாவுக்கு அப்போது ஒன்பது வயதாம், தொண்டை வலிக்குப் பெனிசிலின் ஊசி, மூன்றாம் நாள் முதுகில் சிவப்புப் புள்ளிகள். வீக்கம் இல்லை, மூச்சுத் திணறல் இல்லை, தோல் உரியவும் இல்லை. மருந்தே இல்லாமல் தானாகப் போய்விட்டது. ஐம்பத்திரண்டு வருடமாக இதைத்தான் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறோம். இதை அப்படியே ஒரு தாளில் எழுதி ஃபைலின் முதல் பக்கத்தில் குத்தியாயிற்று. அடுத்த கீமோவுக்கு முன்பே சோதனைக்கு அனுப்ப முடியுமா என்று புற்றுநோய் டாக்டரிடம் கேட்டேன், சரி என்று சொல்லிவிட்டார்.

ஆறாம்வார்டு:
நல்ல வேலை செய்தீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அபாயம் குறைந்த வகை மாதிரிதான் தெரிகிறது, முடிவை அலர்ஜி டாக்டர் சொல்லட்டும். ஒன்று மட்டும்: அரிப்பு மாத்திரை ஏதாவது எடுக்கிறாரா? கீமோ நாளில் முன்மருந்தாக அலர்ஜியைத் தடுக்கும் ஊசி போடுவதும் உண்டு. உடம்பில் அது இருந்தால் தோல் சோதனையில் ஒன்றும் தெரியாமல் போகும். கடைசியாக எப்போது போட்டார்கள் என்று தேதியோடு சொல்லி நாள் வாங்குங்கள்.