பில்டில் கேட்காத லாக்4நெட் டிஎல்எல் வருகிறது: எங்கே வெட்டுவது?

திருகோணமலை, மூதூர், நிலாவெளிக் கடைகளில் ஓடும் பில்லிங் மென்பொருள். டாட்நெட் 8, டபிள்யூபிஎஃப், விண்டோஸ் 10. பற்றுச்சீட்டு பிரிண்டரின் டிஎல்எல் மட்டும் டாட்நெட் பேக்கேஜ் களஞ்சியமான நியூகெட்டில் இல்லை. லிப் கோப்புறையிலிருந்து கோப்பின் இடத்தைக் காட்டும் ஹின்ட்பாத் மூலம் எடுக்கிறோம். அதைச் சேர்த்த பிறகு அவுட்புட்டில் லாகிங் நூலகமான லாக்4நெட் 2.0.8-உம் வந்து உட்கார்ந்துவிட்டது. 2.0.10-க்கு முந்தியவற்றில் சிவிஇ-2018-1285 என்ற பாதுகாப்பு ஓட்டை உண்டு, அனுப்ப விருப்பமில்லை.

பில்ட் கோப்புறைகளான பின், ஓப்ஜ் இரண்டையும் அழித்தும் திரும்ப வருகிறது. ஒரு பேக்கேஜ் ஏன் வருகிறது என்று சொல்லும் 'டாட்நெட் நியூகெட் ஒய்' கட்டளை எதுவும் காட்டவில்லை, நியூகெட் எழுதும் ப்ராஜெக்ட்.அசெட்ஸ்.ஜேசனிலும் பெயர் இல்லை. பில்டின் விரிவான பதிவான பின்லாக் எடுத்ததும் பிடிபட்டது: பிரிண்டர் டிஎல்எல் லாக்4நெட்டைக் கேட்கிறது, அது பக்கத்திலேயே லிப்பில் கிடப்பதால் ரிசால்வ்அசெம்பிளிரெஃபரன்சஸ் என்ற பில்ட் டார்கெட் கையோடு கொப்பி செய்கிறது. நியூகெட் வழியே வராததை நியூகெட்டில் தேடி என்ன பயன்!

பிரிண்டர் ரெஃபரன்சில், கொப்பி வேண்டாம் என்னும் ப்ரைவேட்=ஃபால்ஸ் போட்டால் பிரிண்டர் டிஎல்எல்லும் சேர்ந்தே போகிறது. அந்த டார்கெட்டுக்குப் பின் கொப்பி செய்யவேண்டிய கோப்புகளின் ரெஃபரன்ஸ்கொப்பிலோக்கல்பாத்ஸ் பட்டியலில் லாக்4நெட்டை நீக்கினால் கோப்பு வருவதில்லை, ஆனால் செயலி தேவைப்படும் டிஎல்எல்களைப் பட்டியலிடும் டெப்ஸ்.ஜேசனில் பெயர் மிஞ்சி, தொடங்கும்போதே 'அசெம்பிளி காணவில்லை' என்று நின்றுவிடுகிறது. புதிய பதிப்பைப் பேக்கேஜாகச் சேர்க்கலாம்தான். லாகிங்கே பாவிக்காத இடத்தில் அது வீண் சுமை. லிப் கோப்புறை வேறொரு ப்ராஜெக்டுக்கும் பொது, அதில் கை வைக்க முடியாது.

கொப்பியிலும் டெப்ஸ்.ஜேசனிலும் லாக்4நெட் வராமலிருக்க, மறைமுக ரெஃபரன்ஸ்களின் பட்டியலான ரெஃபரன்ஸ்டிபென்டன்சிபாத்ஸிலிருந்தும் அதே டார்கெட்டில் நீக்கினால் போதுமா?