ரெசலூட் – கிரீஸ் ஃபியோர்ட்: வரைபடத்தில் 1,540 கிமீ, விமானத்தில் ஒன்றரை மணி. எது சரி?

திசைமானி:
கனடாவின் நுனாவுட்டில் ரெசலூட் (74.72° வடக்கு, 94.97° மேற்கு), கிரீஸ் ஃபியோர்ட் (76.43° வடக்கு, 82.91° மேற்கு) என இரண்டு இனுயிட் ஊர்கள். சுவர் வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் 1,540 கிமீ வருகிறது. ட்வின் ஆட்டர் ஒன்றரை மணியில் போய்விடுமாம். அந்தச் சின்ன விமானத்துக்கு அவ்வளவு வேகம் ஏது? பிள்ளைகளுக்குப் புவியியல் பாடத்தில் சொல்லித்தர வேண்டும், கணக்கோடு விளக்குங்கள்.

அட்சரேகை:
உங்கள் சுவரில் இருப்பது மெர்கேட்டர் வரைபடம், துருவத்தை நோக்கிப் போகப்போகத் தூரத்தை இழுத்துப் பெரிதாகக் காட்டும் வகை. நிலநடுக்கோட்டு அளவுகோலை 75 டிகிரி அட்சத்தையொட்டி வைத்தால் தூரம் சுமார் நான்கு மடங்காகத் தெரியும்.

கணக்கு இப்படி: நடு அட்சம் 75.6°. அதன் கொசைன் 0.249. நிலநடுக்கோட்டில் 111 கிமீ இருக்கும் ஒரு தீர்க்க டிகிரி இங்கே 27.7 கிமீதான். தீர்க்க வித்தியாசம் 12.06°, ஆகவே கிழக்கே 334 கிமீ. அட்ச வித்தியாசம் 1.71°, ஆகவே வடக்கே 191 கிமீ. பிதாகரஸ் போட்டால் 385 கிமீ, அதாவது சுமார் 208 கடல்மைல். உங்கள் 1,540-ஐ நான்கால் வகுத்துப் பாருங்கள், அதே விடை வரும்.

இறகுருளி:
நேரத்துக்கு வருகிறேன். ட்வின் ஆட்டரின் பயண வேகம் சுமார் 150 நாட், அதாவது மணிக்கு 150 கடல்மைல். காற்றில்லாத நாளில் 1 மணி 23 நிமிடம். 30 நாட் எதிர்க்காற்று என்றால் 1:44, அதே காற்று பின்னால் இருந்து தள்ளினால் 1:09. ஏறி இறங்கும் நேரமும் சேரும் என்பதால் ஒன்றரை மணி நியாயமான கணக்கு.

எரிபொருளை விட்டுவிடாதீர்கள், இந்தத் தடத்தில் அதுதான் பெரிய விஷயம். கிரீஸ் ஃபியோர்ட்டில் குட்டையான சரளை ஓடுதளம், சுற்றிலும் மலை. குறுக்குக்காற்றோ மூடுபனியோ வந்தால் இறங்காமல் ரெசலூட்டுக்கே திரும்ப வேண்டும். போக 1.4 மணி, திரும்ப 1.4, கையிருப்பு முக்கால் மணி, ஆக மூன்றரை மணி. மணிக்குச் சுமார் 270 கிலோ வீதம் 950 கிலோ எரிபொருள். மொத்த எடைக்கு வரம்பு இருப்பதால், 19 இருக்கை இருந்தாலும் ஆளும் சரக்குமாக 1,200 கிலோ அளவில் நின்றுவிடும்.

திசைமானி:
மிக்க நன்றி ஐயா. காலை 10 மணிக்குக் கிளம்பினால் அங்கே 12:30 ஆகும் என்று ஒருவர் சொன்னார். அது ஏன்?

அட்சரேகை:
நேர வலயம். ரெசலூட் மத்திய நேரம், கிரீஸ் ஃபியோர்ட் கிழக்கு நேரம். போகும்போது ஒரு மணி கூடும், திரும்பும்போது அதே ஒன்றரை மணிப் பயணம் கடிகாரத்தில் அரை மணியாகத் தெரியும். பிள்ளைகள் இதில்தான் அதிகம் தடுமாறுவார்கள்.

இறகுருளி:
இன்னொன்றும் சொல்லிக்கொடுங்கள். வடக்கிலிருந்து வலமாக அளந்தால், புறப்படும்போது திசை 55°, சேரும்போது 66°. நேர்க்கோட்டில்தான் பறக்கிறது, ஆனால் தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிக் குவிவதால் எண் மாறுகிறது. காந்தத் துருவம் அதிகத் தொலைவில் இல்லாததால் காந்த ஊசியை நம்ப முடியாது, அங்கே உண்மை வடக்கை வைத்தே ஓட்டுகிறார்கள். 2011 ஆகஸ்ட் 20 அன்று ரெசலூட் அருகே ஒரு போயிங் 737 குன்றில் மோதி, இருந்த 15 பேரில் 12 பேர் இறந்தனர். திசைக்கருவியில் சேர்ந்த பிழையும் அதற்கு ஒரு காரணம்.

பயணத் திட்டமே போடுகிறீர்கள் என்றால், வானிலையால் விமானம் தாமதமாகலாம் என்பதால் ரெசலூட்டில் அடுத்த விமானத்துக்கு முன் இரண்டு மூன்று நாள் இடைவெளி விடுங்கள்.