நிபுணரிடம் பேசப் போனால் பாடப்புத்தகமே திரும்பி வருகிறது, எப்படிக் கேட்பது?

காதுகொடுப்பவன்:

வணக்கம். இரண்டு வருடமாகப் பொறியாளர்களையும் ஆய்வாளர்களையும் தேடிப்போய்ப் பேசி, அந்தப் பேச்சை ஒலிப்பதிவு செய்து வருகிறேன். இதுவரை 31 பேர். நான் படித்தது வணிகவியல். ஒரு இயந்திரம் ஓடும்போது அதைப் பார்த்துக்கொள்பவர் மனதில் என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் என் ஆசை.

போன மாதம், இயந்திரங்களின் அதிர்வை வைத்துக் கோளாறு கண்டுபிடிக்கும் அதிர்வுத் துறையில் 25 வருட அனுபவம் உள்ள ஒருவரைச் சந்தித்தேன். "அதிர்வுப் பகுப்பாய்வு என்றால் என்ன, அதன் முக்கியத்துவம் என்ன?" என்று தொடங்கினேன். ஐம்பது நிமிடம் பொறுமையாக விளக்கினார். வீட்டுக்கு வந்து கேட்டுப் பார்த்தால், எந்த முதலாண்டு மாணவரும் சொல்லக்கூடிய விஷயம். 25 வருடமாக அவர் காதுக்குள் சேர்ந்தது எதுவும் அதில் இல்லை. அவர் மேல் தவறில்லை, நான் கேட்டதற்குத்தான் பதில் சொன்னார்.

ஆனால் ஒரே ஒரு உரையாடல் வேறு மாதிரி அமைந்தது. வெல்டிங் ஆய்வாளர் ஒருவர். நேரம் கேட்டபோது, "புதன்கிழமை வாங்க, அன்னைக்குத்தான் அந்த ஜாயிண்டைப் பார்க்கணும்" என்றார். வெல்டிங் திங்கட்கிழமையே முடிந்துவிட்டது. முடிந்ததை ஏன் உடனே பார்க்கக் கூடாது என்று சும்மா கேட்டேன். அதிலிருந்து பிடித்துக்கொண்டார். எலக்ட்ரோடின் (வெல்டிங் குச்சியின்) பூச்சில் ஈரம் ஏறியிருந்தால், வெல்டிங் மின்வில்லின் சூட்டில் அது பிரிந்து ஹைட்ரஜன் உருகிய உலோகத்துக்குள் போய்விடும். ஆறிய பிறகு அது இரும்புக்குள் மெல்ல நகர்ந்து, இறுக்கமான இடத்தில் சேர்ந்து விரிசலை உண்டாக்கும். அதற்கு ஒரு நாள், இரண்டு நாள்கூட ஆகலாம். இன்றைக்குச் சோதித்தால் சுத்தமாக இருக்கும் ஜாயிண்ட், நாளன்றைக்குப் பிளந்திருக்கும். அதனால்தான் 48 மணி நேரம் காத்திருக்கிறார். குறை-ஹைட்ரஜன் எலக்ட்ரோடைக் குறைந்தது 120 டிகிரி ஓவனில் வைத்திருப்பதும், அவற்றில் சாதாரண வகையென்றால் 4 மணி நேரத்துக்கு மேல் வெளியே விடாததும் இதனால்தான். அந்த ஓவனை நான் எத்தனையோ தடவை கடந்து போயிருக்கிறேன், ஒரு முறைகூட அது என்னவென்று கேட்டதில்லை.

அந்த உரையாடல் தற்செயலாக நடந்தது. அதை வேண்டுமென்றே நடக்க வைக்க முடியுமா? இன்னொன்றும் மனதை அரிக்கிறது. கணக்குப் போடாமல், கையில் எதையும் செய்யாமல், பேசிப் பேசியே ஒருவருக்கு உண்மையாகப் புரியுமா? இல்லை, புரிந்த மாதிரி ஒரு நினைப்பு மட்டும்தான் மிஞ்சுமா?

கலன்_வடிவமைப்பு:

நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன், அழுத்தக் கலன்களை வடிவமைப்பவன். என்னிடமும் பலர் வந்து "உங்கள் துறையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார்கள். அப்படிக் கேட்டதுமே வகுப்பு எடுக்கிற குரல் தானாக வந்துவிடும், என்னால் தடுக்க முடிவதில்லை.

ஒரே ஒருவர்தான் "உங்களுக்கு எதைக் கண்டால் பயம்?" என்று கேட்டார். காற்று என்றேன், யோசிக்கவே இல்லை. புதுக் கலனை வடிவமைப்பு அழுத்தத்தை விட ஏறக்குறைய 1.3 மடங்கு ஏற்றிச் சோதிப்போம். அதைத் தண்ணீர் நிரப்பித்தான் செய்வோம். 1,000 லிட்டர் கலனில் தண்ணீரை நிரப்பி 10 பார் அழுத்தினால் அது சுருங்குவது அரை லிட்டர்கூட இல்லை. கலன் பிளந்தாலும் கொஞ்சம் பீச்சி அடித்துவிட்டு அழுத்தம் விழுந்துவிடும். அதே கலனில் காற்று இருந்தால், கிட்டத்தட்ட பத்து மடங்கு இடத்துக்கு விரியக் காத்திருக்கும் காற்று அது. பிளந்தால் குண்டுதான். அதனால் தண்ணீர் நிரப்பும்போது உச்சியில் உள்ள வென்ட்டை (காற்றுப் போக்கும் துளையை) திறந்து, கடைசிக் காற்றுக் குமிழி வெளியேறும் வரை நின்று பார்ப்பேன். அவசரப்படுத்துகிறவர்களோடு நான் சண்டை போட்டதெல்லாம் இந்தக் குமிழிக்காகத்தான். அந்த மனிதர் கேட்காமல் இருந்திருந்தால் இதை நான் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன்.

எண்ணையும் கேளுங்கள். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்வெளி ஓடம் சிதறிய பிறகு, விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் பொறியாளர்களை நேரில் தேடிப்போய்ப் பேசினார். ஓடத்தை இழக்கும் வாய்ப்பு எவ்வளவு என்ற கேள்விக்கு, வேலை செய்யும் பொறியாளர்களிடமிருந்து வந்தது ஏறக்குறைய 100-க்கு 1. நிர்வாகத்திடமிருந்து வந்தது 1,00,000-க்கு 1. "பாதுகாப்பானதா?" என்று கேட்டிருந்தால் இரண்டு பக்கமும் ஒரே சொல்லைத்தான் சொல்லியிருக்கும். எண் கேட்டதால்தான் ஆயிரம் மடங்கு இடைவெளி வெளியே தெரிந்தது.

பழைய_வரைபலகை:

ஒரு எச்சரிக்கை மட்டும். தயாரிக்காமல் போகாதீர்கள். பாடப்புத்தகத்தில் உள்ளதை நீங்களே படித்துவிட்டுப் போனால்தான் அவர் அதைத் தாண்டிப் பேசுவார். வெல்டிங் ஆய்வாளரிடம் உங்களுக்கு அதிர்ஷ்டம் அமைந்தது. எப்போதும் அமையாது.

காதுகொடுப்பவன்:

@பழைய_வரைபலகை, ஒத்துக்கொள்கிறேன் சார். ஆனால் ரொம்பப் படித்துவிட்டுப் போன இரண்டு முறை, எனக்குத் தெரிந்ததைக் காட்டிக்கொள்ளும் கேள்விகளாகவே கேட்டிருக்கிறேன். அவர்கள் "ஆமாம், சரிதான்" என்று சொன்னதோடு பேச்சு நின்றுவிட்டது. படிக்க வேண்டும், ஆனால் படித்ததைக் கேள்விக்குள் கொட்டக் கூடாது போல.

அலைநீளம்:

இயற்பியல் ஆய்வில் இருக்கிறேன். உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் அதை ஒருவர் சோதித்தே பார்த்திருக்கிறார்.

ஹாரி காலின்ஸ் என்ற சமூகவியலாளர் 1970-களில் ஒரு வகை வாயு லேசரைக் கட்ட முயன்ற ஆய்வகங்களுக்கெல்லாம் போய்ப் பேசினார். அந்த லேசரைப் பற்றிக் கட்டுரைகள் வெளிவந்திருந்தன. ஆனால் கட்டுரையை மட்டும் படித்துவிட்டு யாராலும் அதை ஓட வைக்க முடியவில்லை என்று கண்டார். ஏற்கெனவே கட்டியவர்களோடு நேரில் பழகியவர்களுக்குத்தான் அது ஓடியது. கட்டியவருக்கே தான் சொல்லாமல் விட்டது எது என்று தெரியாது. பேச்சில், கூடவே நிற்பதில்தான் அது கைமாறுகிறது.

அதே காலின்ஸ் பிறகு ஈர்ப்பலை ஆய்வாளர்களோடு பல வருடங்கள் பேசிப் பழகினார். அவர் ஒரு கருவியையும் இயக்கியவர் இல்லை, அந்தக் கணக்குகளைப் போட்டவரும் இல்லை. துறை சார்ந்த கேள்விகளுக்கு அவரும் ஒரு ஈர்ப்பலை இயற்பியலாளரும் எழுதிய பதில்களை, பெயர் சொல்லாமல் அந்தத் துறைக்காரர்களிடமே கொடுத்தார்கள். 2006-ல் அந்த முடிவு வெளியானது. பெரும்பாலானவர்களால் இருவரையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதற்காக அவரால் அந்தக் கருவிக்குள் ஒரு கண்ணாடியைத் தொங்கவிட முடியும் என்று அர்த்தமில்லை. அது வேறு அறிவு. ஆனால் துறையின் பேச்சுக்குள் நுழைந்து, எது சரியான வாதம், எது ஓட்டை என்று உணரும் அளவுக்குப் பேச்சாலேயே போக முடியும். அதற்குப் பல வருடப் பழக்கம் வேண்டும், ஒரு மணி நேரப் பேட்டி போதாது. 31 பேரிடம் ஒரு தடவை பேசுவதை விட, மூன்று பேரிடம் பத்துத் தடவை போகலாம் என்பது என் எண்ணம்.

பம்ப்_அறை:

நான் பொறியாளர் இல்லை, பம்ப் மெக்கானிக். என்னை ஒரு அறையில் உட்கார வைத்துக் கேட்டால் எனக்கு வார்த்தை வராது. பம்ப் பக்கத்தில் நிறுத்தினால் பேசுவேன். உள்ளே கூழாங்கல் உருள்கிற மாதிரி சத்தம் வந்தால் உறிஞ்சும் பக்கம் அழுத்தம் போதவில்லை, தண்ணீர் ஆவிக் குமிழியாகி இம்பெல்லர் (உள்ளே சுழலும் இறக்கைச் சக்கரம்) மேல் உடைகிறது என்று அர்த்தம். இதைச் சொல்லிப் புரிய வைப்பதை விடக் கேட்க வைப்பது சுலபம் அண்ணே. மைக்கை எடுத்துக்கொண்டு இயந்திரத்திடம் போங்கள்.

காதுகொடுப்பவன்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். அந்த அதிர்வு நிபுணரிடம் மறுபடியும் போனேன். இந்தத் தடவை ஒரே கேள்விதான்: "கடைசியாக உங்களைக் குழப்பிய இயந்திரம் எது?" பதில் சொல்லாமல் எழுந்து என்னை அங்கேயே கூட்டிக்கொண்டு போனார்.

ஒரு மோட்டார். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம், நிமிடத்துக்கு 2,980 சுற்று. தண்டு நேர்க்கோட்டில் இல்லையென்றால் சுற்று வேகத்தின் இரண்டு மடங்கில் அதிர்வு வரும், அதாவது 99.3 ஹெர்ட்ஸ். மோட்டாரின் காந்தப் பக்கத்தில் கோளாறு என்றால் மின்சாரத்தின் இரண்டு மடங்கில், 100 ஹெர்ட்ஸில் வரும். கருவித் திரையில் இரண்டும் ஒரே முள்ளாகத் தெரிந்திருக்கிறது. அவர் காதைத்தான் நம்பினார். பக்கத்தில் நின்று கேட்டால் ரீங்காரம் ஏறி இறங்குகிறது, ஒன்றரை நொடிக்கு ஒரு தடவை. இரண்டு அலைகளும் சேர்ந்து இருப்பதால்தான் அந்த ஏற்ற இறக்கம் என்றார். காரணம் ஒன்றேதான்: மோட்டாரின் நான்கு கால்களில் ஒன்று தளத்தில் சரியாக உட்காரவில்லை. போல்ட்டை முறுக்கியதும் உடலே லேசாக வளைந்து, தண்டும் கோணலாகி, உள்ளே சுழலும் பகுதிக்கும் நிற்கும் பகுதிக்கும் நடுவிலுள்ள காற்றிடைவெளியும் சமமில்லாமல் போயிருக்கிறது. மறுநாள் அந்தக் காலுக்கு அடியில் ஷிம் (மெல்லிய உலோகத் தகடு) வைக்கப் போவதாகச் சொன்னார்.

அப்புறம் என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு ஸ்விட்சை அணைத்தார். அந்த ஏற்ற இறக்கம் அதே நொடியில் நின்றது. மீதி ஓசை மட்டும் சுற்று குறையக் குறைய மெல்ல இறங்கி அடங்கியது. மின்சாரம் போனதும் காந்தத்தால் வரும் அதிர்வு உடனே போய்விடும், தண்டால் வருவது தண்டு நிற்கும் வரை இருக்கும். ஒலிப்பதிவில் அது 40 நொடி. அதற்குப் பிறகு வரும் குரல் அவருடையது: "முதல்ல எது போச்சு, சொல்லுங்க?"

சரியாகத்தான் சொன்னேன். அடுத்த வியாழன் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்.